மூச்சு வாங்கும் ஊர்

அம்மா உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில்
என் டியூபாவை வைத்துப் பார்த்தேன்.
பன்னிரண்டு கிலோ, கொஞ்சம் குறைய.
"கிலோ என்ன விலை?" என்றாள்
பக்கத்துக் கடை எமெதேரியா.
தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இது ஒருரோ.
கடல் மட்டத்துக்கு மூவாயிரத்து எழுநூறு மீட்டர் மேலே.
கடல் வேண்டுமென்றால் பக்கத்து நாட்டுக்குப் போக வேண்டும்.
காற்றும் கிட்டத்தட்ட அப்படித்தான்.
வெளியூர்க்காரர் யார் வந்தாலும்
பேருந்து நிலையத்திலேயே மூச்சு வாங்கும்.
வாங்கத்தான் வேண்டும்.
இங்கே யாரும் அதைக் கொசுறாகத் தருவதில்லை.

கார்னிவலுக்கு ஒன்பது வாரம் இருந்தபோது
எங்கள் பேண்டில் தாளத் தட்டு சுழற்றும் யெர்கோ சொன்னான்:
"நாளையிலிருந்து ஐந்தரை மணி. மலைப்படி."
அவனுக்கும் பதினேழுதான்.
முழங்கால் போகும்வரை பந்து விளையாடியவன்.
இப்போது ஓடுவதில்லை,
கீழே நின்று விசில் ஊதுகிறான்.
அதற்கு மட்டும் எங்கிருந்துதான் வருமோ அவ்வளவு மூச்சு.

உதட்டுக்குப் பயிற்சி உண்டென்று தெரியும்:
பல் படாமல் பென்சிலை நீட்டிப் பிடித்து
நூறு எண்ணுவோம்.
முதுகுக்கு உண்டென்று யாரும் சொன்னதில்லை.
இரண்டு வருடமாக இடது தோளில் டியூபா.
பள்ளிப் புகைப்படத்தில்
எல்லோரும் நேராக நிற்க
நான் மட்டும் யாரோ கூப்பிட்டதுபோல் சாய்ந்திருக்கிறேன்.

உறைபனி படிந்த திடலில்
முழங்கையும் கால்விரலும் ஊன்றிப் பலகையாகக் கிடந்தோம்.
ட்ரம்பெட் வரிசை சீக்கிரம் எழுந்துகொண்டது,
அவர்களுக்கு எதிலும் அவசரம்.
ஃபாவியோ நாற்பதாம் படியில் வாந்தி எடுத்தான்.
ட்ராம்போனைத் துடைப்பதுபோலவே
வாயைத் துடைத்துக்கொண்டு
நாற்பத்தோராம் படியில் கால் வைத்தான்.

நொய்மி பேச மாட்டாள். அவளும் டியூபாதான்.
என் பக்கத்தில் ஓடுவாள்.
இரண்டு படிக்கு உள்ளே, நான்கு படிக்கு வெளியே.
அவள் கணக்கு என் காதில் விழுந்து விழுந்து
என் கணக்கும் ஆகிவிட்டது.

சனிக்கிழமை ஊர்வலம்.
முன்னால் மொரெனாதா ஆட்டக்காரர்கள்,
உடம்பெல்லாம் ஜிகினா, அசைந்து அசைந்து நடை.
வேகமாக நடக்க எல்லோருக்கும் முடியும்,
மெதுவாக நடந்து பாருங்கள்.
முதல் மணி நேரம் வெயில். இரண்டாவதில் ஆலங்கட்டி.
மூன்றாவதில் ஒரு பொடியன்
டியூபாவின் வாய்க்குள் நுரை பீச்சினான்.
கால் நடந்தது. தோள் தாங்கியது.
மூச்சுதான் கையிருப்பு தீர்ந்துபோனது,
நீண்ட சுரத்தின் நட்டநடுவில்.

நிறுத்திவிட்டேன்.
சுரம் நிற்கவில்லை.
நொய்மி திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைப் பிடித்திருந்தாள்.
இரண்டடி நடந்து நான் வாங்கிக்கொண்டேன்,
அவள் விடும் இடத்தில் நான் விட்டேன்.
பிறகு தெரு முழுக்க அப்படியே.
கேட்டவர்களுக்கு ஒரே மூச்சு.
எங்களுக்குத்தான் தெரியும், கைமாற்று.

கார்னிவல் முடிந்தது.
தெருவில் நுரை காய்ந்து கிடந்தது.
அம்மா என்னைத் தராசில் ஏற்றி,
"இரண்டு கிலோ எங்கே?" என்று சத்தம் போட்டு
சூப்பில் இன்னொரு எலும்பு போட்டாள்.

வியாழக்கிழமை விசில் இல்லை.
ஐந்தரைக்கு விழிப்பு மட்டும் வந்தது.
சும்மா போனேன்.
படியடியில் நொய்மி, ஷூ நாடாவைக் கையில் பிடித்தபடி
மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அங்கே, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு,
ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து
யெர்கோ ஏறிக்கொண்டிருந்தான்.
நின்றான். முழங்காலைத் தட்டினான். ஏறினான்.

"யாரிடமும் மூச்சு விடாதே," என்றாள் நொய்மி.
அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

அவன் வளைவு திரும்பும்வரை
நிஜமாகவே விடாமல் நின்றேன்.
இந்த ஊரில்
அது சின்னத் தொகை இல்லை.